83 மடங்கு ஜூமா, பெரிய சென்சாரா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். சீசனில் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. வீட்டு விசேஷங்களுக்கும் அதே கேமரா உதவ வேண்டும். கடைக்காரர் "83 மடங்கு ஜூம்" என்று நிக்கான் பி950-ஐக் காட்டுகிறார். உறவினர் ஒருவரோ, "அது சின்ன சென்சார், கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 வாங்குங்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– மதுராந்தகம் வாசகர்

பதில்: இருவர் சொல்வதும் சரி. ஆனால் ஒருவர் தூரத்தைப் பேசுகிறார், மற்றவர் வெளிச்சத்தைப் பேசுகிறார். இரண்டையும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பாருங்கள், விடை தானே வந்துவிடும்.

முதலில் தூரம். பறவை எத்தனை மீட்டரில் இருக்கிறதோ அதை 25-ஆல் பெருக்கி, லென்ஸின் (35 மி.மீ. ஃபிலிம் கணக்கிலான) குவியத்தூரத்தால் (ஜூமைக் குறிக்கும் மி.மீ. எண்ணால்) வகுத்தால், படத்தின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை எத்தனை மீட்டர் அடங்கும் என்பது ஏறத்தாழத் தெரியும். ஏரிக்கரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நீர்க்கடம்பு மரத்தில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதன் உயரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜி7 எக்ஸின் அதிகபட்ச ஜூம் 100 மி.மீ. அதில் 7.5 மீட்டர் உயரக் காட்சி அடங்கும், நாரை அதில் எட்டில் ஒரு பங்கு. 20 மெகாபிக்சல் படத்தில் பறவைக்குக் கிடைப்பது சுமார் 450 பிக்சல் உயரம். வெட்டிப் பெரிதாக்கினால் அடையாளம் தெரியும், இறகு தெரியாது. பி950-இன் 2,000 மி.மீ.-இல் 40 செ.மீ.க்கும் குறைவாகவே அடங்கும்: நாரையின் தலையும் கழுத்தும் மட்டுமே படம் முழுக்க நிற்கும்.

கவனியுங்கள், முழு நாரைக்கு 2,000 மி.மீ. தேவையே இல்லை, 600 போதும். அந்த 2,000 வேலைக்கு வருவது தேன்சிட்டு, மீன்கொத்தி போன்ற சிறிய பறவைகளுக்குத்தான்.

அடுத்து வெளிச்சம். பி950-இன் சென்சார் (படத்தைப் பதிவுசெய்யும் சில்லு) 6.2 × 4.6 மி.மீ., அதாவது 28 சதுர மி.மீ. ஜி7 எக்ஸின் '1 இன்ச்' சென்சார் 13.2 × 8.8 மி.மீ., 116 சதுர மி.மீ. பரப்பிலேயே நான்கு மடங்கு வித்தியாசம். ஜூம் போடாத நிலையில் பி950-இன் துளை (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) எஃப்/2.8, ஜி7 எக்ஸுக்கு எஃப்/1.8. இரண்டையும் பெருக்கினால், அதே ஷட்டர் வேகத்தில் ஜி7 எக்ஸின் சென்சாரில் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் விழுகிறது. ட்யூப்லைட் போட்ட கல்யாண மண்டபத்தில் எஃப்/2.8, 1/60 விநாடி வைத்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன் எண்) 800 பக்கம் போய் நிற்கும். அந்த அளவிலேயே சின்ன சென்சாரில் பட்டுப்புடவையின் ஜரிகை கரைந்து மெழுகிவிட்டதுபோல் ஆகிவிடும். 1 இன்ச் சென்சாரில் அதே 800 நன்றாக அச்சுக்குப் போகும்.

எங்கள் முடிவு இது. பறவைதான் முதல் ஆசை என்றால் பி950 அல்லது எடை குறைந்த கேனான் எஸ்.எக்ஸ்.70 (65 மடங்கு, 610 கிராம்) வாங்குங்கள். விசேஷங்களுக்கு உங்கள் போனைப் பயன்படுத்துங்கள். மூன்று மீட்டர் தூரத்தில் நிற்கும் மணமக்களைப் போன் நன்றாகவே எடுத்துவிடும், 30 மீட்டர் தூரத்து நாரையை எந்தப் போனும் இந்தத் தரத்தில் எடுக்காது. பட்ஜெட் இன்னும் நீளுமானால், இரண்டுக்கும் நடுவில் சோனி ஆர்.எக்ஸ்.10 மார்க் 4 இருக்கிறது: 1 இன்ச் சென்சார், 24–600 மி.மீ., எஃப்/2.4–4. எடை ஒரு கிலோவைத் தாண்டும், விலையும் அதிகம். ஆனால் பறக்கும் பறவையைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் திறன் இந்த வகையில் அதற்குத்தான் உண்டு. பி950-இல் பறக்கும் கொக்கைப் பிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்.

கேள்வி: பி950 வாங்கிவிட்டேன். பாதி ஜூம் வரை படம் தெளிவாக இருக்கிறது. முழு ஜூமில் எல்லாமே மங்கல். கேமராவில் பழுதா?
– பழவேற்காடு செல்லும் வாசகர்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. முதல் சந்தேகம் காற்றின் மேல். வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பும் மணலும் சூடாகி, மேலே போகும் காற்று நெளியத் தொடங்கும். ஏரிக்குள் வெகுதூரத்தில் நிற்கும் பூநாரைக்கும் உங்களுக்கும் நடுவே அந்த நெளியும் காற்று முழுவதும் இருக்கிறது. 2,000 மி.மீ. லென்ஸ் பறவையைப் பெரிதாக்குவதுபோலவே இந்த நெளிவையும் பெரிதாக்கும். சோதிப்பது எளிது: கேமராவை மணல்மூட்டை மேலோ சுவர் மேலோ அசையாமல் வைத்து, முழு ஜூமில் திரையைப் பத்து விநாடி பாருங்கள். பறவையின் கால்கள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்தால் அது காற்றுதான். எந்த செட்டிங்கும் அதைச் சரிசெய்யாது. விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை மணிக்குள் எடுங்கள், அல்லது கிட்டே போங்கள்.

நெளிவு இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

ஷட்டர் வேகம்: தானியங்கி முறை பெரும்பாலும் 1/100 பக்கம் வைத்துவிடும். உள்ளே இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தை அடக்கும், பறவை தலையைத் திருப்புவதை அடக்காது. டயலை எஸ்-க்கு (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) மாற்றி, உட்கார்ந்த பறவைக்கு 1/500 வையுங்கள். ஐ.எஸ்.ஓ. உச்சவரம்பை 400-இல் கட்டுங்கள், மேகமூட்டமென்றால் 800.

துளை: "எஃப்/8-க்கு மூடினால் கூர்மை கூடும்" என்ற பழைய பாடம் இங்கே பொருந்தாது. முழு ஜூமில் எஃப்/6.5-இலேயே விளிம்பு விளைவால் (சிறு துளை வழியே போகும் ஒளி விரிவதால்) ஒரு புள்ளியின் வெளிச்சம் சுமார் 8.7 மைக்ரான் வட்டமாகப் பரவுகிறது. இந்த சென்சாரின் ஒரு பிக்சல் அகலம் 1.3 மைக்ரான்தான். ஏற்கெனவே ஒரு புள்ளி ஆறு பிக்சலுக்கு மேல் பரவிக் கிடக்கிறது, இன்னும் மூடினால் இன்னும் மங்கும். எப்போதும் முழுக்கத் திறந்தே வையுங்கள்.

முன்னால் மாட்டியிருக்கும் யு.வி. ஃபில்டர்: கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மலிவான கண்ணாடி 24 மி.மீ.-இல் தெரியாது, 2,000-இல் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டல் ஜூமை மெனுவிலேயே அணைத்துவிடுங்கள். ட்ரைபாடில் வைத்தால் அதிர்வுத் தடுப்பையும் அணைத்து, 2 விநாடி டைமர் போட்டு எடுங்கள். கையில் பிடித்து எடுப்பதென்றால் திரையைப் பார்க்காமல் வியூஃபைண்டரைக் கண்ணோடு ஒட்டி வையுங்கள். கேமரா முகத்தில் அழுந்தி நிற்பதே பாதி ட்ரைபாட்.

பறவை ஃப்ரேமைவிட்டு நழுவினால் மறுபடி தேடுவதற்கு லென்ஸ் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் ஜூம் சற்றுப் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். அதை விரல் தானாகத் தேடிப் போகும் வரை பழகுங்கள். இந்த ஒரு பொத்தானைத் தெரிந்துகொள்ளாமலே பலர் இந்த வகைக் கேமராவை விற்றுவிடுகிறார்கள்.

கேள்வி: மகளுக்கு அரங்கேற்றம். எங்களுக்குப் பத்தாவது வரிசைதான். பெரிய ஜூம் கேமரா வாங்கினால்தானே முடியும்?
– திருச்சி வாசகி

பதில்: வேண்டாம், இங்கே அது தவறான கருவி. பத்தாவது வரிசை என்பது மேடையிலிருந்து சுமார் 10 மீட்டர். நாட்டியமாடுபவரைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 2.2 மீட்டர் உயரம் அடங்கினால் போதும். மேலே சொன்ன கணக்கின்படி 110–115 மி.மீ. வரும். அரைமண்டியில் அதற்கும் குறைந்த உயரமே தேவை. ஆக 100 மி.மீ.-இல் எஃப்/2.8 தரும் ஜி7 எக்ஸ் மார்க் 2, மார்க் 3 இரண்டுமே போதும். முகபாவம் நெருக்கமாக வேண்டுமென்றால் 200 மி.மீ. வரை போகும் சோனி ஆர்.எக்ஸ்.100 மார்க் 7 எடுக்கலாம், ஆனால் அந்த முனையில் அதன் துளை எஃப்/4.5, வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நல்ல மேடை வெளிச்சத்தில் எஃப்/2.8, 1/250, ஐ.எஸ்.ஓ. 1600 என்று தொடங்குங்கள். அதே காட்சிக்கு எஃப்/5.6 லென்ஸ் ஐ.எஸ்.ஓ. 6400 கேட்கும், சின்ன சென்சாரில் அது முகத்தைக் குழப்பிவிடும்.

அபிநயத்துக்கு 1/250, ஜதிக்கு 1/500. பின்னணி கறுப்பாக இருப்பதால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை குறையுங்கள். ஃபோகஸுக்கு உதவும் ஆரஞ்சு விளக்கு, ஃப்ளாஷ், ஷட்டர் சத்தம் மூன்றையும் வீட்டிலேயே அணைத்துவிட்டுப் போங்கள். எலெக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், எல்.இ.டி. மேடை விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். 'ரா' (கேமரா திருத்தாத மூலப்பதிவு) வடிவிலும் சேர்த்துப் பதியுங்கள், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் நிற விளக்கைப் பிறகு திருத்த அதுதான் வழி.

தீர்மானம் (ஜதியை முடிக்கும் அடவுக்கோவை) முடியும் இடத்தில் உடல் ஒரு கணம் அசையாமல் நிற்கும். ஒத்திகையைப் பார்த்து அந்த இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தாளம் தெரிந்த அம்மாவுக்கு இது எந்தக் கேமராவும் தராத வசதி.

கேள்வி: நிலாவை எடுக்க என்ன செட்டிங்? நிக்கான் பி1000 இருக்கிறது.
– தர்மபுரி வாசகர்

பதில்: எம் முறையில் (எல்லாவற்றையும் நாமே வைப்பது) எஃப்/8 (இந்தக் கேமராவின் முழு ஜூமில் அதுதான் முழுத் திறப்பு), 1/200, ஐ.எஸ்.ஓ. 100. இது முழுநிலவுக்கு. பாதி நிலாவுக்கு 1/60 வரை இறங்குங்கள். ஆனால் 3,000 மி.மீ.-இல் நிலா உயரவாக்கில் அடங்காது, மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும். 2,400 பக்கம் நிறுத்துங்கள். பள்ளங்கள் தெரிய வேண்டுமென்றால் பௌர்ணமியைவிட வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களே நல்லவை, நிழல் நீண்டு விழும். நிலா நன்றாக மேலே ஏறிய பிறகு எடுங்கள். சூரியன் பக்கம் மட்டும் சூரிய ஃபில்டர் இல்லாமல் இந்த லென்ஸைத் திருப்பவே கூடாது, உள்ளே இருக்கும் பாகங்கள் கருகும்.

கேள்வி: தாராசுரம் தூண் சிற்பங்களைப் பதிவுசெய்ய எந்த வகை?
– கும்பகோணம் வாசகர்

பதில்: சந்தேகமே இல்லாமல் பெரிய சென்சார். ஐராவதேசுவரர் கோயில் தூண்களில் உள்ளங்கை அளவுச் சிற்பங்கள் நிறைய உண்டு, மண்டபத்தின் உள்ளே வெளிச்சம் குறைவு. பி950-ஐ முழு ஜூமில் வைத்தால் சில மீட்டர் தள்ளி நின்றால்தான் ஃபோகஸே ஆகும். ஜி7 எக்ஸ் அகலக் கோணத்தில் 5 செ.மீ. வரை நெருங்கும். ஆனால் அப்படி நெருங்கினால் மூக்கு பெருத்து, காது சிறுத்துத் தெரியும், கேமராவின் நிழலும் விழும். 50–70 மி.மீ. ஜூமில் வைத்து அரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். எஃப்/4, ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 1/30. எதிர்த்தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டால் 1/15 கூடத் தாங்கும். ஏ.பி.எஸ்.-சி சென்சார் (1 இன்ச்சைவிடப் பெரியது) வைத்த ரிக்கோ ஜி.ஆர். 3 இன்னும் தெளிவு, ஆனால் ஜூம் கிடையாது, 28 மி.மீ. மட்டும். தொல்லியல் துறைக் கோயில் என்பதால் ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேண்டும். காலை, மாலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது செதுக்கின் ஆழம் தெரியும். நேரே ஃப்ளாஷ் அடித்தால் சிற்பம் தட்டையாகிவிடும்.

கேள்வி: பழைய ஆர்.எக்ஸ்.100 விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?
– கோவை வாசகர்

பதில்: எந்த மார்க் என்று முதலில் கேளுங்கள். மார்க் 3 முதல் 5 வரை 24–70 மி.மீ., எஃப்/1.8–2.8. மார்க் 6, 7 இரண்டும் 24–200, எஃப்/2.8–4.5. பெயர் ஒன்று, வேலை வேறு.

இந்தக் கேமராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாது. நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும், சென்சாரில் விழுந்தால் சர்வீஸில் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். அதனால் துளையை எஃப்/11-க்கு மூடி, தெளிவான வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, படத்தைப் பெரிதாக்கிச் சாம்பல் நிறப் பொட்டுகளைத் தேடுங்கள். செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, நேரே நின்று 24 மி.மீ.-இல் எடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கிறது, வாங்காதீர்கள். பத்து முறை ஆன், ஆஃப் செய்து, ஜூமை முழுக்க ஓட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரப்போ தயக்கமோ இருந்தால் மோட்டார் அல்லது பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது. பாப்-அப் ஃப்ளாஷையும் வியூஃபைண்டரையும் இரண்டு முறை எழுப்பிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் புதிதாக ஒரு என்.பி.-பி.எக்ஸ்.1 விலையையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை வராமல் எப்படி வைப்பது? அரிசி டப்பாவில் போடலாமா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: அரிசி வேண்டாம், அதன் மாவுத்தூசி ஜூம் இடுக்கில் நுழையும். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத டப்பா, துணிப்பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி. அது 40 முதல் 50 சதவீதம் காட்டினால் சரி. நீல மணிகள் வெளுத்து இளஞ்சிவப்பானதும் வாணலியில் சிறுதீயில் நீலம் திரும்பும் வரை வறுத்து, ஆறவிட்டு மறுபடி போடுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் வாணலி கூடாது, அந்தச் சாயம் உடலுக்கு ஆகாது. தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி அரைமணி நேரம் கழித்துத் திறந்தால், நீர்த்திவலை பையின் மேல்தான் படியும், லென்ஸில் படியாது.