அட்டையைக் காட்டிப் பழகினால் பேச்சு வராதா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, மூளை முடக்குவாதம். நாங்கள் சொல்வதெல்லாம் புரிகிறது, பேச வரவில்லை. படத்தைத் தொட்டால் பேசும் செயலி போட்டு ஒரு டேப்லெட் வாங்கச் சொல்கிறார் தெரபிஸ்ட். அதற்குப் பழகிவிட்டால் வாயையே திறக்க மாட்டான் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், செங்கல்பட்டு

பதில்: உங்கள் மாமியாரின் பயத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது கேட்டுவிடுகிறேன். 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், படம், சைகை போன்றவற்றால் பேசப் பழகியவர்களில் நம்பகமாகக் கணக்கிட முடிந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. அதனால் வாங்கலாம்.

ஆனால் டேப்லெட் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு சார்ட் அட்டையில் ஆறு படம் ஒட்டி இன்றே ஆரம்பியுங்கள். எல்லோரும் சோறு, தண்ணீர், பாத்ரூம் என்றே ஒட்டுகிறார்கள். அவன் கேட்காவிட்டாலும் அதெல்லாம் நீங்கள் தருவீர்கள். 'வேண்டாம்', 'போதும்', 'இன்னும்', 'வலிக்குது', 'அது என்ன?' இவைதான் முதலில் வேண்டும். என்னிடம் வரும் ஒரு சிறுமி தானாகத் தொட்ட முதல் படம் 'போதும்'. பாட்டி நான்காவது இட்லியை ஊட்டிக்கொண்டிருந்தார். முகம் வாடினாலும் தட்டை எடுத்துவிட்டார். அன்று எடுக்காமல் இருந்திருந்தால் அவள் அட்டையை மறுபடி தொட்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

நீங்களும் பேசும்போது படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். ஏதாவது கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அதற்குள் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.

கை நடுங்கினால் கட்டங்களைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைக்கலாம். டேப்லெட் மடியில் கிடந்தால் தலை கவிழ்ந்துவிடும். கண் மட்டத்துக்குச் சாய்த்து நிறுத்துங்கள். விரல் ஒத்துழைக்காவிட்டால் தலையால் அழுத்தும் சுவிட்ச் உண்டு, கண் பார்வையாலேயே தேர்ந்தெடுக்கும் கருவியும் உண்டு. எது ஒத்துவரும் என்று பார்க்க, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

செயலி தமிழில் பேச வேண்டும். சென்னையில் உருவான ஆவாஸ் பேசும். இயந்திரக் குரல் செய்தி வாசிப்பதுபோல இருக்கும், அதுதான் சங்கடம். குரல் பதியும் வசதி இருந்தால் அவன் வயதுப் பையன் ஒருவனை, வீட்டில் பேசுகிற மாதிரியே 'தண்ணி வேணும்' என்று சொல்லவைத்துப் பதியுங்கள்.

அப்புறம், அந்த டேப்லெட்டில் கார்ட்டூன் வேண்டாம், அதற்கு உங்கள் போன் இருக்கிறது. அழுகிறான், அடம்பிடிக்கிறான் என்று டேப்லெட்டைப் பிடுங்கியும் வைக்காதீர்கள்.