கீரி மேல் பழி போடுவதற்கு முன்னால்

மழை ஓய்ந்ததிலிருந்து வீட்டில் கோழி வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "கோழியைக் கீரி அடித்துவிட்டது, என்ன செய்வது" ரகம்தான். வடசென்னையில் கீரி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செத்த கோழிக்கெல்லாம் கீரியே பொறுப்பு என்றால் நாயும் பெருச்சாளியும் சிரிக்கும்.

வியாசர்பாடி: காலையில் பார்த்தால் கூண்டுக்குள் மூன்று பெட்டை செத்துக் கிடந்தன. கழுத்தில் கடி, ரத்தமே இல்லை. கீரி ரத்தத்தைக் குடித்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு ஆயா சொல்கிறார்.

ஆயாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் கீரி ரத்தம் குடிக்காது. கழுத்தைக் கடித்ததும் உயிர் போய்விடும், இதயம் நின்ற பிறகு ரத்தம் எங்கிருந்து வரும்? அதோடு கீரி பகலில் திரிகிற பிராணி, இருட்டினால் வளைக்குள் போய்விடும். ராத்திரி நடந்திருக்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் மரநாய் மேல்தான். அது பெரும்பாலும் தரை வழியாக வராது. முருங்கை மரம், கேபிள் ஒயர், ஓட்டுக்கூரை என்று மேலேயே நடந்து வரும். மதில் மேல் பப்பாளி விதையோ நாவல் கொட்டையோ அப்படியே தெரிகிற மாதிரி எச்சம் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, ஓடவும் இடமில்லை. உள்ளே கோழிகள் படபடவென்று சிறகடிக்க அடிக்க, மரநாய் ஒவ்வொன்றாகக் கடித்துப் போட்டுவிடும், பசிக்காக மட்டும் இல்லை. கூண்டுக்கு நான்கு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கம்பிவலை அடித்துவிட்டு மேலே தகர ஷீட்டைச் சும்மா வைத்து ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்திருப்பீர்கள், அங்கேதான் ஓட்டை. ஷீட்டை ஆணி அடித்து இறுக்குங்கள். பொறி வைத்துக் கொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. கீரி, மரநாய், உடும்பு, பாம்பு எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை.

கொருக்குப்பேட்டை: அண்ணே, பன்னிரண்டு குஞ்சு பொரித்தது, இப்போது ஐந்துதான் இருக்கிறது. பகலிலேயே காணாமல் போகிறது, ஒரு இறகுகூட இல்லை.

மூன்று பேர் மேல் சந்தேகம்: பருந்து, காக்கா, பூனை. தாய்க்கோழியைக் கவனியுங்கள். நீளமாக ஒரு குரல் கொடுத்து, குஞ்செல்லாம் சட்டென்று எங்காவது ஒண்டினால் மேலே பருந்து சுற்றுகிறது. கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே பக்கமாகப் பாய்ந்தால் பூனை. காக்கா வேறு மாதிரி, இரண்டாக வரும். ஒன்று தாயின் வாலைப் பிடித்து இழுக்கும், அது திரும்புவதற்குள் இன்னொன்று குஞ்சைக் கவ்விக்கொண்டு போய்விடும். மொட்டை மாடியில் டீக்கிளாஸோடு நின்று இதை நானே பார்த்திருக்கிறேன், கையில் கிளாஸ் இருந்ததால் ஓடக்கூட முடியவில்லை. குஞ்சு ஒன்றரை மாதம் ஆகிறவரை பஞ்சாரக் கூடைக்கு வெளியே விடாதீர்கள். அப்புறம் காசிமேட்டில் பழைய மீன்வலை கிடைக்கும், வாங்கி மேலே தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொங்கவிட்டால் பறவை சிக்கிக்கொள்ளும். பழைய சிடி தொங்கவிடுவது நான்கு நாள் வேலை செய்யும், ஐந்தாம் நாள் காக்கா அதன் மேலேயே உட்காரும்.

திருவொற்றியூர்: முட்டை மட்டும் காணவில்லை. ஓடுகூட இல்லை.

ஓடு இல்லாமல் முழுசாகப் போனால் பாம்பை நினையுங்கள். சாரையும் வரும், நல்ல பாம்பும் வரும். ஓரம் கரண்டிய ஓடு கிடந்தால் எலி. அடை வைக்கோல் ஈரமாக, மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டு இருந்தால் உங்கள் கோழியே குடிக்கிறது, அலகைப் பாருங்கள். எதுவானாலும் சாயங்காலம் கையை விட்டுத் துழாவாமல் டார்ச் அடித்துப் பார்த்து எடுங்கள். பாம்பைக் கண்டால் 101க்குக் கூப்பிட்டால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள். கடித்துவிட்டால் மந்திரம், கட்டு, கீறல் ஒன்றும் வேண்டாம், நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரி.

கொடுங்கையூர்: பெருச்சாளி கூண்டுக்கு அடியில் வளை போட்டு வருகிறது. ஒரு கோழியின் கால் விரலைக் கடித்துவிட்டது. எலி விஷ கேக் வைக்கலாமா?

வைக்காதீர்கள். சொந்தக் கதை சொல்கிறேன். சில வருடம் முன்னால் ஒரு கடைக்காரர் "பூனை தின்றாலும் ஒன்றும் ஆகாது சார்" என்று சத்தியம் பண்ணி ஒரு எலி கேக் கொடுத்தார். பெருச்சாளி தின்றது, எங்கேயோ போய்ச் செத்தது, அதைத் தின்ற எங்கள் சந்துப் பூனை மூன்று நாள் கழித்துப் படிக்கட்டில் கிடந்தது. அந்தப் பூனைதான் அதுவரை சுண்டெலியை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு அங்குலத்துக்குக் காரை பூசிப் பார்த்தேன், சாக்கடைப் பக்கமிருந்து அதையும் குடைந்துகொண்டு வந்து அடைக்கோழியின் கீழிருந்த குஞ்சுகளை இழுத்துப் போய்விட்டது. கடைசியில் பலன் கொடுத்தது எது என்றால், அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ்ஷைக் கூண்டின் அடியில் முழுசாக விரித்து, சுற்றிலும் ஓரடி வெளியே நீட்டி, மேலே மண் போட்டு மூடியது. தோண்ட வருகிறது, கம்பி தட்டுகிறது, பின்னால் தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. கடற்காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் பூச்சு போட்டதாக வாங்குங்கள். கோழி தரையில் படுக்கக் கூடாது, இரண்டடி உயரத்தில் ஒரு கட்டை கொடுங்கள், பெருச்சாளிக்கு ஏறுவது அவ்வளவாக வராது. எல்லாவற்றுக்கும் மேல், ராத்திரி மிச்சச் சோற்றைக் கூண்டில் விட்டு வைக்காதீர்கள், அதற்குத்தான் முதலில் வருகிறது. தீனியிலும் தண்ணீரிலும் அது மூத்திரம் விட்டால் எலிக்காய்ச்சல் உங்களுக்கும் வரும், கூண்டு கழுவும்போது காலில் செருப்பு இருக்கட்டும்.

மாதவரம்: தெருநாய்கள் வலையைக் கிழித்துப் பதினாலு கோழியையும் கொன்றுவிட்டன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

நாய் அப்படித்தான், விளையாட்டு அதற்கு. முதுகிலும் பின்பக்கமும் கடி, இடமெல்லாம் இறகு. உங்கள் தப்பு அறுகோணக் கண் கோழிவலை. அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், நாய் உள்ளே வராமல் இருக்க இல்லை. விஷம் வைப்பது குற்றம். 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு அதே தெருவில்தான் திரும்ப விடுவார்கள், அதற்கு மாநகராட்சியின் 1913க்குச் சொல்லுங்கள். நாய் கடித்த கோழியைச் சமைக்கலாமா என்றால், வேண்டாம். வெறுங்கையால் தொடாமல் குழி தோண்டிப் புதையுங்கள்.

பெரம்பூர்: தினமும் ஒன்று சாகிறது. வயிற்றுப் பக்கம் எலி தின்றிருக்கிறது.

தின்ற இடத்தில் ரத்தம் கட்டியிருக்கிறதா, பாருங்கள். சுத்தமாக, வெளிறிப்போய் இருந்தால் செத்த பிறகு தின்றது. எலி கொல்லவில்லை. முந்தின நாள் அந்தக் கோழி பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்ததா, கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றதா? அப்படியென்றால் வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோயாக இருக்கலாம், கம்பிவலை அடித்துப் பிரயோஜனமில்லை. நன்றாக இருப்பவற்றைத் தனியாகப் பிரியுங்கள். அடுத்து சாகிற கோழியை இரண்டு கவரில் போட்டு, ஐஸ் வைத்து, அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். ஃப்ரீஸரில் மட்டும் போடாதீர்கள், உறைந்துவிட்டால் அறுத்துப் பார்க்கிறவருக்குக் கஷ்டம்.