ஃப்ரீடவுன் வரும் தம்பிக்கு, மேயரம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு

தம்பி, மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுனில் வேலை உறுதியாகிவிட்டது, செப்டம்பருக்குள் சேர வேண்டும், மனைவியையும் குழந்தையையும் கூடவே அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஊரில் மாநகராட்சி என்று ஒன்று உருப்படியாக இயங்குகிறதா, மேயர் ஒரு பெண் என்கிறார்களே, யார் அவர் என்றும் கேட்டீர்கள். குடும்ப விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். மேயரம்மாவைப் பற்றித் தெரிந்துகொண்டால் ஊரும் பாதி புரிந்துவிடும்.

அவர் பெயர் இவோன் அக்கி-சாயர். 1968-இல் பிறந்தவர், இந்த ஊர்ப் பெண். இங்குள்ள ஃபூரா பே கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். பிறகு லண்டன் போய் மேற்படிப்பு முடித்து, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆனார். கால் நூற்றாண்டு அங்கே வேலை, குடும்பம், பிள்ளைகள். நம்மைப் போலவே வெளிநாட்டில் வேரூன்றியவர்தான். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், 1999-இல், நண்பர்களோடு சேர்ந்து போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு நம் பாட்டைப் பார்ப்பதுதானே நம்மில் பெரும்பாலோர் செய்வது.

2014-இல் எபோலா என்ற கொள்ளைநோய் வந்தது. இந்த நாட்டில் மட்டும் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள். வெளியேற வழியிருந்தவர்கள் வெளியேறிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் லண்டனிலிருந்து இங்கே வந்தார். தேசிய எபோலா தடுப்பு மையத்தில் திட்டமிடல் இயக்குநர் பொறுப்பு. எந்தத் தெருவில் நோயாளி, ஆம்புலன்ஸ் எங்கே, எந்த மையத்தில் படுக்கை காலி என்று அன்றாடம் கணக்கு வைத்து ஆட்களை அனுப்ப வேண்டிய வேலை அது. ஒரு கணக்கர் உயிர் காப்பாற்ற முடியும் என்பதை நான் அவரைப் பார்த்துத்தான் நம்பினேன். 2016-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஓபிஇ என்ற கௌரவ விருது கொடுத்தது.

2018-இல் ஏபிசி (அனைத்து மக்கள் காங்கிரஸ்) கட்சி வேட்பாளராக நின்று மேயரானார். 1966-லேயே கான்ஸ்டன்ஸ் கம்மிங்ஸ்-ஜான் என்ற பெண் இந்தப் பதவியில் இருந்திருக்கிறார். 2023 ஜூனில் அக்கி-சாயர் மறுபடியும் ஜெயித்தார். நாட்டை ஆள்வதோ அவர் கட்சிக்குப் போட்டியான எஸ்எல்பிபி (சியரா லியோன் மக்கள் கட்சி). மத்தியில் ஒரு கட்சி, மாநகராட்சியில் இன்னொன்று என்றால் என்ன இழுபறி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது சொத்து வரி. முன்பு கட்டடத்தின் பரப்பளவை வைத்தே வரி. மலைமேல் பளிங்குத் தரை போட்ட பங்களாவும் கீழே தகர வீடும் ஒரே பரப்பு என்றால் வரி ஏறக்குறைய ஒன்றே. நகரத்தில் பாதி வீடுகள் பதிவேட்டிலேயே இல்லை. இவர் செயற்கைக்கோள் படம் வைத்துக் கூரை கூரையாக எண்ண வைத்தார். பதிவேட்டில் சுமார் 57,000 என்றிருந்த எண்ணிக்கை 1,20,000-க்கு மேல் போனது. கூரை எதனால் ஆனது, ஜன்னல் எப்படி, வாசல் வரை சாலை வருகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு வரி நிர்ணயித்தார்கள். பெரிய வீட்டுக்காரர்களுக்கு வரி பல மடங்கு ஏறியது, ஏழைகளுக்கு இறங்கியது. 2020-இல் மத்திய அரசு இதைக் கொஞ்ச காலம் நிறுத்தியும் வைத்தது. விடாமல் மறுபடி கொண்டுவந்தார். வரியை வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் அதைத் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மரம். 2017 ஆகஸ்ட் 14 விடியற்காலை, ரீஜென்ட் பகுதியில் மலை சரிந்து ஆயிரம் பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். காட்டை வெட்டிச் சரிவில் வீடு கட்டியதும் அதற்கு ஒரு காரணம். மேயரான பிறகு பத்து லட்சம் மரம் நடும் திட்டத்தை ஆரம்பித்தார். நட்டுவிட்டுப் போட்டோ பிடித்துப் போவதோடு முடிவதில்லை. அந்தந்தப் பகுதி மக்களே கன்றை வளர்க்கிறார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் எண், செயலியில் படம். உயிரோடிருப்பதைப் படமெடுத்துக் காட்டினால் மொபைலில் பணம் வரும். அப்படியும் மலையில் வீடு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கட்டட அனுமதியும் நில அதிகாரமும் மத்திய அமைச்சகத்தின் கையில். இந்த ஒரு விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். சென்னையைத் தாங்கியவருக்கு இது புதிதல்ல, புழுக்கம்தான் வாட்டும். 2021-இல் ஆப்பிரிக்காவிலேயே முதல்முறையாக வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்றே ஓர் அதிகாரியை, யூஜீனியா கார்க்போ என்பவரை, இந்த மாநகராட்சியில் நியமித்தார்கள். திறந்தவெளிச் சந்தைகளில் கூரை போட்டார்கள். மரவள்ளிக் கீரைக் கட்டுகளையும் மிளகாயையும் பரப்பி உட்கார்ந்திருக்கும் அக்காமார் முன்பெல்லாம் முதுகில் குழந்தையும் தலைக்கு மேலே ஒரு கந்தல் குடையுமாக இருப்பார்கள். மதியத்துக்குள் கீரை வாடி, பாதி விலைக்குப் போகும். கூரை வந்த இடங்களில் குடையை மடக்கி வைத்துவிட்டார்கள், கீரையும் சாயங்காலம் வரை தாங்குகிறது. காய்கறி வாங்கப் போனால் பார்ப்பீர்கள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். குப்பைக்கு மூன்று சக்கர வண்டியோடு இளைஞர் குழுக்கள் வரும். மாதக் கட்டணம் பேசிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் வாசலிலேயே தேங்கும். தண்ணீர் குமா வேலி நிறுவனம், மின்சாரம் எட்சா. இரண்டும் மேயரின் கீழ் வராது, அவரைத் திட்டிப் பயனில்லை. பெரிய தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரோ சோலாரோ உள்ள வீடாகப் பாருங்கள். சரிவை வெட்டிக் கட்டிய வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 2022-இல் இந்த நாட்டுப் பணமான லியோன் நோட்டில் மூன்று சைபரை எடுத்துவிட்டார்கள். சந்தையில் இன்னும் பழைய கணக்கில் விலை சொல்வார்கள், பதறாதீர்கள்.

செப்டம்பர் இன்னும் அடைமழைக் காலம்தான். விமானம் இறங்கும் லுங்கி அக்கரையில் இருக்கிறது, நகரத்துக்குப் பெரும்பாலும் படகில்தான் வருவார்கள். கைக்குழந்தையோடு அந்த மழையில் வேண்டாம். நீங்கள் முதலில் வாருங்கள். வீட்டை மழையிலேயே பார்த்து, கூரை ஒழுகுகிறதா, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு முன்பணம் கொடுங்கள். டிசம்பரில் அவர்களை அழைத்துக்கொள்ளலாம்.