கைவேலை கேள்வி – பதில்: கடல் சுருங்குது, வானம் நெளியுது

கேள்வி: சுவரில் மாட்ட, கோணேசர் மலையும் கடலும் வரும் துணிச் சித்திரம் ஒன்று செய்கிறேன். அளவு 24×36 அங்குலம். பின்னணியை மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று படையாக வைத்துத் தைத்தேன். கடலில் நெருக்கமாக அலைத் தையல், வானத்தில் நாலைந்து கோடுதான். இப்போது கடல் சுருங்கி, வானத்தின் ஓரம் நெளிந்து நிற்கிறது. மினுக்கிப் பார்த்தும் போகவில்லை.
– வாசகி, உப்புவெளி

பதில்: மினுக்கிப் போகாது. தையல் விழும் ஒவ்வொரு இடத்திலும் பஞ்சு அமுங்கித் துணியை உள்ளே இழுக்கும். அரை அங்குலத்துக்கு ஒரு கோடு போட்ட கடல் ஒடுங்கிவிட்டது. 5 அங்குலத்துக்கு ஒன்று போட்ட வானம் அப்படியே இருக்கிறது. மிஞ்சின துணி ஓரத்தில்தானே நெளியும்?

பிரிக்க வேண்டாம். வானத்துக்கும் ஏறக்குறைய அதே நெருக்கத்தில் தையல் போடுங்கள். துணியின் நிறத்திலேயே மெல்லிய நூல் என்றால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு இலேசாக நனைத்து, பலகையில் நான்கு மூலையும் மட்டமாக இழுத்துக் குத்தி, நிழலில் காயவிடுங்கள். பத்திக் துணி என்றால் முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையை ஒற்றிப் பாருங்கள். சாயம் விட்டால் நனைக்கவே கூடாது. பொலியஸ்டர் பஞ்சுக்குச் சூடான அயனை அழுத்தினால் தட்டையாகிவிடும், திரும்ப எழும்பாது.

அடுத்த முறை மேல்துணியை 28×40 ஆக வெட்டுங்கள். பஞ்சும் அடித்துணியும் 32×44. அடித்துணிக்கு 44 அங்குல அகலத் துணியில் 1½ யார் வாங்கினால், கழுவிச் சுருங்கினாலும் காணும். அதை நிலத்தில் விறைப்பாக ஒட்டி (இழுத்து அல்ல), மேலே பஞ்சு, அதன்மேல் மேல்துணி. 4 அங்குலத்துக்கு ஒரு ஊக்கு. வேலை வாரக்கணக்கில் இழுபடும் என்றால் ஊக்கு வேண்டாம், நூலோட்டம் (பிறகு பிரித்தெடுக்கும் நீளத் தையல்) போடுங்கள்: எங்கள் கடற்காற்றுக்கு ஊக்கு துருப்பிடித்தால் அந்தக் கறை போகவே போகாது.

முதல் தையல் அடிவானக் கோட்டில், நடுவிலிருந்து இரு பக்கமும், 3 மில்லிமீற்றர் நீளத்தில். அது கோணினால் கடலே சரிந்தது போலத் தெரியும். அதிலிருந்து மேலேயும் கீழேயும் விலகிப் போங்கள். 24×36க்கு வெட்டுவது எல்லாம் தைத்து முடிந்த பிறகுதான், அதுவும் அடிவானத்தை மட்டமாக வைத்து அளந்து.

கேள்வி: கையால் துணியை நகர்த்தி அலை தைக்கும்போது அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது. பொபின் திருகை இறுக்கியும் சரிவரவில்லை.
– வாசகர், நிலாவெளி

பதில்: பொபினில் பிழையில்லை, திருகைப் பழைய இடத்துக்கே கொண்டு வாருங்கள். அடியில் கொத்து விழுந்தால் பெரும்பாலும் மேல்நூல்தான் காரணம். மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்து முதலிலிருந்து நூலைக் கோருங்கள். தூக்காவிட்டால் நூல் இறுக்கத் தட்டுகளுக்குள் போய் உட்காராது. தைக்கத் தொடங்க முன் பாதத்தை இறக்க மறப்பதும் வழக்கம். வளைவில் மட்டும் அடியில் கண்ணிகள் நின்றால் அது வேறு கதை: கை வேகம், மெஷின் மெது. மெஷினைச் சற்று ஓடவிட்டுக் கையை அடக்குங்கள். ஊசி அளவு 90/14. துணியை நகர்த்தும் கீழ்ப் பற்களை இறக்க முடியாத பழைய மெஷினில் தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வைத்தால் போதும். முதலில் அதே மூன்று படையில் ஒரு துண்டு வைத்துத் தைத்துப் பாருங்கள்.

கேள்வி: மலையையும் கோயிலையும் பின்னணிக்கு முன் தைப்பதா, பின்பா?
– வாசகி, திருகோணமலை

பதில்: பின்பு. முன்பு தைத்தால் ஒவ்வொரு அலைக் கோடும் மலை விளிம்பில் நின்று நின்று போகும், நூல் முனை கட்டியே களைத்துவிடுவீர்கள். விளிம்பில் படைகள் தடித்தால் ஊசியை 100/16க்கு மாற்றுங்கள்.