அரை இட்லியோடு எழுந்துவிடுகிறாள்: எடை குறைக்கும் ஊசியும் பசியும்

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மனைவிக்கு 46 வயது, ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை. டாக்டர் எழுதிக் கொடுத்து வாரம் ஒரு மௌஞ்சாரோ ஊசி, இரண்டு மாதமாகப் போடுகிறார்கள். 97 கிலோ இருந்தவர் இப்போது 91. "ஆனால் அரை இட்லியோடு எழுந்துவிடுகிறாள் டாக்டர். காலையில் காபி வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மத்தியானம் நாலு ஸ்பூன் தயிர்சாதம், ராத்திரி அதுவும் கிடையாது. உடம்பு என்னத்துக்கு ஆகும்? நிறுத்திவிடலாமா? தெரிந்த ஒருவர் இதே மருந்தைப் பாதி விலைக்கு வரவழைத்துத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? அடுத்த மாதம் பெண்ணுக்கு வளைகாப்பு வேறு, பந்தியில் இவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்?"

பசி குறைந்தது கோளாறு இல்லை, அந்த ஊசியின் வேலையே அதுதான். ஆனால் அரை இட்லி என்பது கொஞ்சம் ஓவர்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி கிட்டே வந்ததும் இலைக்கு மேலே குறுக்கே கையை நீட்டுகிறோம் இல்லையா, அந்த மாதிரி ஒரு கை குடலுக்கும் இருக்கிறது. சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் அங்கிருந்து சில ஹார்மோன்கள் சுரந்து மூளைக்குப் போதும் என்று சேதி சொல்லும், இரைப்பையையும் மெதுவாகப் போ என்று பிடித்து நிறுத்தும். இயற்கையாகச் சுரப்பது ஓரிரண்டு நிமிஷத்திலேயே பாதி அழிந்துவிடும். ஊசியில் வருவது அதே மாதிரி செய்த மருந்து, பாதியாகக் குறையவே ஐந்து நாள் ஆகும் (ஓசெம்பிக், வீகோவி என்று வரும் செமாக்ளுடைடுக்கு ஒரு வாரம்). அதாவது வாரம் பூராவும் இலைக்கு மேல் நீட்டிய கை இறங்குவதே இல்லை. அதனால்தான் ஊசி போட்ட மறுநாள் சுத்தமாகப் பசிக்காமல், அடுத்த ஊசிக்கு முதல் நாள் லேசாக வயிறு கிள்ளுகிறது என்று பலர் சொல்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு பஜ்ஜிக் கடை வாசலில் தானாக நிற்கும் வண்டி இப்போது நிற்பதில்லை சார், கடை இருந்த ஞாபகமே வரவில்லை என்று ஒருவர் என்னிடம் ஆச்சரியப்பட்டார். ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கிவிடுகிறது. எண்ணெய், இனிப்பு, காபி எல்லாம் சிலருக்குக் குமட்டும். கும்பகோணத்துக்காரர் காபி வேண்டாம் என்றால் வீட்டில் பயப்படத்தான் செய்வார்கள், ஆனால் அதில் பயமில்லை.

பயப்பட வேண்டியது அந்த நாலு ஸ்பூன் தயிர்சாதத்துக்குத்தான். நம் ஊர் சாப்பாடு சோற்று மலை, ஓரமாக ஒரு கரண்டி கூட்டு. நன்றாகப் பசித்துச் சாப்பிட்ட காலத்தில் அந்தக் கூட்டிலிருந்தும் குழம்பிலிருந்தும் எப்படியோ கொஞ்சம் புரதம் உள்ளே போய்விடும். பசி போன பிறகு வழவழவென்று தொண்டையில் இறங்குவது மட்டும்தான் போகிறது, அதாவது வெறும் சோறு. அரை இட்லியில் புரதம் ஒரு கிராம் இருந்தால் அதிகம். உங்கள் மனைவிக்கு, சிறுநீரகம் நன்றாக இருக்கும்பட்சத்தில், நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடம்பு சதையைக் கரைத்துத் தின்னும், கொழுப்போடு சேர்ந்து அதுவும் எடை மெஷினில் "குறைந்தது" என்றுதான் காட்டும். நாலு மாதம் கழித்து மாடிப்படி ஏற முட்டி நடுங்குகிறது, சீப்பு நிறைய முடி வருகிறது என்று வந்து நிற்பார்கள்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். தட்டில் முதலில் முட்டை, மீன், பயறு, சோறு கடைசியில், இடமிருந்தால். தாளடி நெல் அறுப்புக்கு முன்னாலேயே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர்க்காரருக்குப் புரதப் பவுடர் டப்பா எதற்கு? ஒரு கிண்ணம் பச்சைப்பயறு சுண்டல், இரண்டு அவித்த முட்டை, குழம்பில் கிடக்கும் மீன் துண்டு, இட்லிக்குச் சட்னிக்குப் பதில் கெட்டியாகப் பாசிப்பருப்புக் கடப்பா. மூன்று வேளையை ஐந்தாக்கி, பசித்தால் என்றில்லாமல் கடிகாரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். தாகமும் மந்தமாகும், மோர் ஒரு சொம்பு கண் முன்னால் இருக்கட்டும், இல்லையென்றால் மலச்சிக்கல் பாடாய்ப் படுத்தும். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் அழுகிய முட்டை நாற்றத்தில் ஏப்பம் வரும், ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். முதுகு வரை பாயும் வயிற்று வலி, தண்ணீர்கூட நிற்காத வாந்தி வந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டோஸ் விஷயம். 2.5 மில்லிகிராமில் ஆரம்பித்து நாலு வாரம் கழித்து 5, அதற்கு மேல் ஏற்றுவதும் ஒவ்வொரு படியிலும் குறைந்தது நாலு வாரம் இருந்துவிட்டுத்தான். மாதம் பிறந்தால் ஏற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரை இட்லியில் நிற்பவருக்கு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை, இருக்கும் டோஸிலேயே நிற்கலாமா, ஒரு படி இறக்கலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். செமாக்ளுடைடு பற்றி 2021-ல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. பசி அப்படியே திரும்பி வருகிறது, வேறொன்றுமில்லை.

இந்த ஊசி யாருக்கு ஆகாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதை உங்கள் டாக்டர் பார்த்திருப்பார். ஒன்றை மட்டும் நான் விடப்போவதில்லை. சர்க்கரைக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், கிளிமெபிரைடு என்று இருக்கிறதா? தனியாக இல்லாவிட்டாலும் பெயருக்குப் பின்னால் எம்1, எம்2 என்று வரும் ஜோடி மாத்திரைகள் பலவற்றுக்குள் அது ஒளிந்திருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அவ்வளவு கவலையில்லை. கிளிமெபிரைடோ இன்சுலினோ இருந்தால், அந்த அளவெல்லாம் அவர் நாலு இட்லி சாப்பிட்ட காலத்தில் எழுதியது. சாப்பாடு அரை இட்லி ஆனது மாத்திரைக்குத் தெரியுமா? அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கும். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் என்று பட்டினி கிடந்து மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் கேட்கவே வேண்டாம். குப்பென்று வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல். விரதக் களைப்பு என்று படுக்க வைத்துவிடாதீர்கள், விரலில் குத்திப் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், பிஸ்கட் வேண்டாம், இரைப்பை மந்தமாக இருக்கும்போது அது எப்போது இறங்குவது! கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை கொடுக்கலாமா என்று பாட்டி தடுப்பார், பாட்டியை வெளியே அனுப்பிவிட்டுக் கொடுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நாளைக்கே மாத்திரை அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் அந்தத் "தெரிந்த ஒருவர்". இவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். 2025 மார்ச்சில் இந்த மருந்து இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், அதுவும் வாரத்துக்கு ஒன்று. மௌஞ்சாரோவுக்குள் இருக்கும் டிர்செபடைடு என்ற மருந்தின் காப்புரிமை இங்கே இன்னும் தீரவில்லை, பிறகு எப்படிப் பாதி விலைக்கு அதே மருந்து? செமாக்ளுடைடின் காப்புரிமை 2026 மார்ச் வரைதான், அதில் விலை குறைந்த உள்நாட்டு ஊசிகளுக்கு வழி இருக்கிறது, அது வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு மருந்துக்கடையில் பில்லோடு வாங்குங்கள். போன கோடையில் ஒருவர் என் மேஜையில் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வைத்தார். சென்னையிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் வந்தது. ஐஸ் உருகி வெந்நீராகி, அதில் லேபிளின் மை கரைந்து மிதந்தது. மருந்தின் பெயர் பாதி இருக்கிறது, தேதி இல்லை, பேட்ச் நம்பர் இல்லை. ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள், வெளியே வைத்தாலும் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, பஸ் ஸ்டாண்டு தகரக் கொட்டகையில் மத்தியானம் வரை கிடந்திருக்கிறது. போலி செமாக்ளுடைடு நடமாடுகிறது என்று 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. இன்னொரு கூட்டம், ஒரு குப்பியை இரண்டு பேருக்குப் பிரித்துப் போடுகிறார்கள், ஒரே பேனாவை ஊசிமுனை மாற்றி அக்காவும் தங்கையும் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் குப்பி ஒரே தடவைக்கானது, கெடாமலிருக்க அதில் எதுவும் சேர்த்திருக்கவில்லை. பேனாவில் முனையை மாற்றினாலும் ரத்தத் தொற்று வரலாம்.

ஏன் இவர்களிடம் போகிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, இந்த ஊசிக்கு முழுக்கக் கைக்காசு. டாக்டர் பார்ப்பது நாலு நிமிஷம், அதில் மூன்று நிமிஷம் டோக்கன் தகராறு. என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் தாலுகா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாரா, சொல்லுங்கள் பார்ப்போம். சீட்டே இல்லாமல் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் மருந்து வருகிறது, கேட்க ஆளில்லை. எழுதி எழுதி எனக்கும் கை வலிக்கிறது.

சரி, வளைகாப்பு. ஊசி போடும் நாளை விசேஷத்துக்கு அடுத்த நாளாக வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், இரண்டு ஊசிக்கு நடுவே மூன்று நாளாவது இடைவெளி இருந்தால் நாளை மாற்றிக்கொள்ளலாம். பந்தியில் தாராளமாக உட்காரட்டும், எல்லாவற்றிலும் பாதிப் பாதி. அசோகா அல்வாவை முதலில் எடுக்காமல் கடைசியில் ஒரு விரல் நக்கினால் போதும். பரிமாறுகிறவர் விடாமல் வற்புறுத்தினால் பக்கத்தில் நீங்கள்தானே உட்கார்ந்திருப்பீர்கள், குறுக்கே நீட்ட உங்கள் கை இருக்கிறது.