பழைய கார் மிதிச்சா தயங்குது, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது, கார்புரேட்டரை மாத்தியே ஆகணுமா?

அவசரப்பட்டு மாத்தாதீங்க. நீங்க சொல்றதுல ரெண்டு கம்ப்ளெய்ன்ட் இருக்கு, மிதிச்ச உடனே ஒரு செகண்ட் மூச்சு பிடிச்ச மாதிரி தயங்கிட்டு அப்புறம் போறது ஒண்ணு, கால் எடுத்து சும்மா ஓடும்போது, அதாவது ஐடில்ல, இன்ஜின் ஆஃப் ஆகுறது இன்னொண்ணு. கார்புரேட்டர்னா பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பாகம், அதுக்குள்ள இது ரெண்டுக்கும் பெட்ரோல் வர்ற வழியே வேற வேற, அதனால வண்டி எப்போ சொதப்புதுன்னு கவனிச்சாலே தேடற இடம் பாதியா குறைஞ்சிடும்.

முதல்ல தயக்கத்தை எடுத்துக்குவோம். சட்டுனு மிதிச்சா காத்து உடனே உள்ள பாஞ்சிடும், பெட்ரோல் கனம்கறதால கொஞ்சம் பின்தங்கித்தான் வரும், அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலேட்டர் பம்ப்னு ஒண்ணு வச்சிருக்காங்க. இதை செக் பண்றது ரொம்ப சுலபம். இன்ஜினை ஆஃப் பண்ணி நல்லா ஆறவிட்டு ஏர் ஃபில்டரை கழட்டிடுங்க, சோக் தகடு (மேல காத்து வர்றதை குறைக்கற தகடு) திறந்திருக்கட்டும், டார்ச் அடிச்சு கார்புரேட்டர் வாய்க்குள்ள பாத்துகிட்டே த்ராட்டில் லிவரை (ஆக்சிலேட்டர் மிதிச்சா நகர்ற கையை) கையால வெடுக்குனு இழுங்க. பித்தளை நாசில்ல இருந்து மெல்லிசா ஒரு பெட்ரோல் கோடு, இழுத்த அந்த நொடியே, விட்டு விட்டு இல்லாம பீச்சி அடிக்கணும். லேட்டா வந்தாலோ சொட்டு சொட்டா வழிஞ்சாலோ பம்ப் டயாஃப்ரம் (உள்ள இருக்கற ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கும் இல்லன்னா காய்ஞ்சு விறைச்சிருக்கும், அதுவும் நல்லா இருந்தா நாசில் அடைச்சிருக்கான்னும் பெட்ரோல் திரும்பிப் போகாம தடுக்கற குட்டி செக் பால் ஒட்டிகிட்டு இருக்கான்னும் பாக்கணும். டயாஃப்ரம் பெரும்பாலும் ரிப்பேர் கிட்லயே வந்துடும், அதுக்காக முழு கார்புரேட்டரை தூக்கிப் போடறது எனக்கு மனசே ஒப்பாத விஷயம். உங்களுது எஸ்யூ (SU) கம்பெனி கார்புரேட்டர் மாதிரி, உள்ள பிஸ்டன் ஏறி இறங்கற டைப்பா இருந்தா பொதுவா இந்த பம்ப்பே இருக்காது, அந்த பிஸ்டன் சட்டுனு ஏறாம தடுக்கற, மேல இருக்கற டேம்பர்ல ஆயில் குறைஞ்சாலே இதே தயக்கம் வரும், ஊத்திப் பாருங்க.

பம்ப் நல்லா பீச்சுதுன்னா அடுத்து, இன்ஜின் சூடான பிறகு சோக்கை கொஞ்சமா இழுத்துட்டு ஓட்டிப் பாருங்க. தயக்கம் குறைஞ்சா பெட்ரோல் பத்தலை இல்லன்னா எங்கயோ கள்ளக்காத்து (கார்புரேட்டர் வழியா வராம விரிசல், ஓட்டை வழியா நுழையற காத்து) உள்ள வருது. இன்னும் மோசமாகி கரும்புகை தள்ளுச்சுன்னா பெட்ரோல் அதிகம், அப்போ கார்புரேட்டர் தொட்டில பெட்ரோல் மட்டத்தை வைக்கற மிதவையோட (ஃப்ளோட்) லெவல், அந்த மிதவை மூடற நீடில் வால்வு பக்கம் போங்க.

சிக்னல்ல ஆஃப் ஆகறதுக்கு என்னோட முதல் சந்தேகம் ஐடில் ஜெட்தான், ஐடில்ல பெட்ரோல் வர்ற குட்டி ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு. ஓட்டை அவ்வளவு சின்னது, ஒரு தூசி போதும். ஆக்சிலேட்டர் மிதிச்சா நல்லா ஓடி, கால் எடுத்தா மட்டும் செத்துப் போச்சுன்னா கிட்டத்தட்ட இதேதான். கழட்டி கார்ப் கிளீனர் அடிச்சு காத்து ஊதுங்க, தயவுசெஞ்சு கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா அளவு போச்சு. கார்புரேட்டர்ல ஒயர் போற சோலனாய்ட் (கரண்ட்ல ஐடில் பெட்ரோல் வழியை திறக்கற வால்வு) இருந்தா சாவியை ஆன் பண்ணும்போது 'டிக்'னு சத்தம் வரணும், வரலைன்னா அதுக்கு 12 வோல்ட் வருதான்னு பாருங்க, பல நேரம் ஒயர் கழண்டிருக்கறதோட சரி. மிக்சர் ஸ்க்ரூவை (ஐடில் கலவையை சரிபண்ற திருகை) மெதுவா உள்ள திருகியும் இன்ஜின் சத்தம் மாறவே இல்லைன்னா ஐடில் வழி வேலை செய்யலைன்னு அர்த்தம். திருகறதுக்கு முன்னாடி எத்தனை சுத்துன்னு எழுதி வச்சுக்கங்க, இறுக்கி அழுத்துனா முனை கெட்டுடும்.

கள்ளக்காத்துக்கு கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு (கார்புரேட்டர்ல இருந்து இன்ஜினுக்கு போற குழாய்), பிரேக் பூஸ்டர் ஓஸ் எல்லாத்தையும் பாருங்க. இன்ஜின் ஓடும்போது ஜாயின்ட் மேல கிளீனர் அடிச்சு ஆர்பிஎம் மாறுதான்னு பாக்கறவங்க உண்டு, ஆனா சூடான இன்ஜின்ல அது தீப்பிடிக்கும், தண்ணி ஸ்ப்ரே போதும், டிஸ்ட்ரிப்யூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு கரண்ட் பிரிச்சு அனுப்பற பாகம்) மேல மட்டும் படாம அடிங்க.

இன்னொரு விஷயம், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள ஸ்பார்க்குக்காக திறந்து மூடற பாயின்ட் தேஞ்சு கேப் மாறினாலும், இன்ஜின் உறிஞ்சலை வச்சு ஸ்பார்க் நேரத்தை மாத்தற வேக்யூம் அட்வான்ஸோட டயாஃப்ரம் கிழிஞ்சாலும் இதே மாதிரிதான் தயங்கும், கார்புரேட்டர் மேல பழி விழும். அட்வான்ஸ் ட்யூபை கழட்டி வாயால உறிஞ்சுங்க, டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள தகடு நகர்ந்து அப்படியே நிக்கணும், காத்து சும்மா வந்துகிட்டே இருந்தா அது போச்சு. பாயின்ட் கேப் நிறைய கார்ல 0.4 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், உங்க மேனுவல்ல பாத்து வைங்க. கார்புரேட்டரை தொடறதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடுங்க, டைமிங் (ஸ்பார்க் வர்ற நேரம்) தப்பா இருக்கும்போது பண்ற ட்யூனிங் எதுவும் நிக்காது.

கொஞ்ச தூரம் ஓடின பிறகுதான் ஆஃப் ஆகுது, ஆறினதும் ஸ்டார்ட் ஆகுதுன்னா அது தனிக் கதை. ஆஃப் ஆன உடனே டேங்க் மூடியை திறங்க, புஸ்ஸுனு காத்து உள்ள இழுத்தா டேங்குக்குள்ள காத்து விடற வென்ட் ஓட்டை அடைப்பு. அது இல்லைன்னா ஆக்சிலேட்டர் பம்ப் பீச்சறதை அங்கயே பாருங்க, பீச்சலைன்னா பெட்ரோல் வரலை, நல்லா பீச்சுதுன்னா ஸ்பார்க் பக்கம், பிளக்குக்கு ஹை வோல்டேஜ் தர்ற காயிலையும் பாயின்ட் கூட இருக்கற கண்டென்சரையும் பாருங்க.