எஸ்.ஐ.யைத் தள்ளியதாக வழக்கு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வாகனச் சோதனையில் தம்பியின் ஆவணங்கள் சரியாகவே இருந்தன. ஒருமையில் பேசாதீர்கள் என்றதற்கு எஸ்.ஐ. கன்னத்தில் அறைந்தார். இப்போது அவரைத் தள்ளிவிட்டதாகத் தம்பி மேலேயே வழக்கு. ஜாமீனில் வந்துவிட்டான். அடுத்து என்ன செய்வது?

பதில்: எஃப்.ஐ.ஆரில் மூன்று பிரிவுகள் இருக்குமே? அசிங்கமாகத் திட்டியது, பணி செய்யவிடாமல் தடுத்தது, மிரட்டியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 353, 506. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்து எண்கள் மாறின; கூட்டணி மாறவில்லை.

இதில் கனமானது 353-க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். 132. ஜாமீனில் விடமுடியாத பிரிவு, 2 ஆண்டு வரை சிறை. ஆனால் அது நிற்க, கை வைத்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் கை ஓங்கியிருக்க வேண்டும். வாக்குவாதம் போதாது. போக்குவரத்து போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்தில் குறை எழுதிய பெங்களூரு தம்பதி மேல் இதே 353-ஐப் போட்டார்கள். தாக்குதலே இல்லையே என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆக, உங்கள் வழக்கு 'தள்ளினான்' என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. எஸ்.ஐ.க்குக் காயம் என்றால் மருத்துவமனை ஏ.ஆர். காப்பி (காயத்தைக் குறித்துவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) இருக்க வேண்டும். அதில் என்ன நேரம், யார் தாக்கியதாகச் சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். அதை எஃப்.ஐ.ஆர். பதிவான நேரத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பொய் பெரும்பாலும் கடிகாரத்தில்தான் மாட்டும். கைதானபோது தம்பியைப் பரிசோதித்த டாக்டரின் அறிக்கையும் அவனுக்குத் தரப்பட வேண்டியதே, கேட்டு வாங்குங்கள்.

கேமராவுக்கு இன்றே ஓடுங்கள். காவல் நிலையப் பதிவை குறைந்தது 1 ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 உத்தரவு. தெருவோரக் கடைக்கு அப்படி எதுவும் இல்லை, சில நாளில் பழைய பதிவு அழிந்துவிடும்.

எஸ்.ஐ. மேல் எஸ்.பி. அல்லது கமிஷனரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையம் என்றால் சம்பவம் நடந்து 1 ஆண்டுக்குள் போக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாம்தான். ஆனால் எஃப்.ஐ.ஆரில் 'தள்ளினான்' என்று தெளிவாக இருந்தால், அதை விசாரணையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

அப்புறம், மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் முடித்துவிடலாம் என்று யாராவது வருவார்கள். கையெழுத்துப் போட வேண்டாம். 132 சமரசத்தில் முடிகிற பிரிவே இல்லை. கடிதம் மட்டும் கேஸ் கட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.